கோட்டையிலிருந்து எங்களோடு வந்துவிட்ட உங்கள் வீட்டுப் பெரியவர் குறித்து

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

கண்ணாடிக் கடைக்காரனின் வணக்கம். நீங்களும், சம்பந்தி அம்மாவும், எங்கள் மாப்பிள்ளையாகப் போகிற உங்கள் மகனும், உங்கள் கடையில் கூரைவரை அடுக்கியிருக்கும் மெத்தைகள் அத்தனையும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். கல்யாணத் தேதி இன்னும் முடிவாகவில்லை, அதற்குள் 'சம்பந்தி' என்று எழுதலாமா என்று மகளிடம் கேட்டேன். "எழுதுங்க. ஆனா அதோட நிறுத்திக்கங்க" என்றாள். நிறுத்தத்தான் நினைத்தேன், கை நிற்கவில்லை. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால், கோட்டைக்குப் போய் வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் தங்கியிருக்கும் உங்கள் வீட்டுப் பெரியவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். விஷயமே அவரைப் பற்றியதுதான்.

இது புகார்க் கடிதம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புகார் சொல்கிற தைரியம் எனக்கு இருந்திருந்தால் நான் ஏன் கண்ணாடி விற்கிறேன், வக்கீலாகியிருப்பேனே. ஃபோனில் பேசலாமே என்பீர்கள். எங்கள் வீட்டில் ரகசியம் பேசத் தோதான இடம் பால்கனி ஒன்றுதான், அங்கே பெரியவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். சரி, கடைக்குப் போய்ப் பேசலாம் என்றால், எனக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பி, கல்லாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். அதனால் கண் பரிசோதனை அறைக்குள் புகுந்து, கதவைச் சாத்திக்கொண்டு, எழுத்துப் பலகையின் வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன். உள்ளே யாருக்கோ நீண்ட பரிசோதனை நடக்கிறது என்று வெளியே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஒருமுறை வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போங்கள். முடிந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டும் முடியாவிட்டால், "எங்க பெரியவர் எப்படி இருக்காரு" என்று ஒரு வார்த்தையாவது விசாரியுங்கள். இல்லையென்றால் இந்தக் கல்யாணம் நின்றுவிடும் போலிருக்கிறது. நிறுத்தப்போவது என் மனைவி. அவள் நிறுத்தினால் நின்றதுதான், எங்கள் வீட்டில் மின்விசிறிகூட அவள் முகத்தைப் பார்த்துத்தான் சுற்றும்.

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன், எங்கே மரியாதைக் குறைவு நேர்ந்தது என்பதை நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். நம் இரண்டு குடும்பமும் முதன்முதலில் ஓட்டலில் சந்தித்தபோது, ஆளுக்கொரு மெனு கார்டை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "நீங்க சொல்லுங்க", "ஐயோ, நீங்க சொல்லுங்க" என்று சொல்லிச் சொல்லியே கடைசிவரை யாரும் எதுவும் சொல்லாமல், தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுப் பசியோடு எழுந்து போனோமே, அதற்குப் பிறகுதான் பிள்ளைகள் இரண்டும் கூடிப் பேசி, இவர்களை மேஜையைச் சுற்றி உட்காரவைத்தால் வேலைக்காகாது, கடற்கரைக் கோட்டைக்குக் கூட்டிப் போவோம், அங்கே பேய் இருக்கிறதாம், ஒன்றாகப் பயந்தால் ஒன்றாகிவிடுவார்கள் என்று முடிவு செய்தன. உங்கள் மகனின் யோசனை என்று கேள்விப்பட்டேன். நல்ல புத்திசாலிப் பையன். ஆனால் பயப்பட வேண்டியது பேய்க்கா, மனைவிக்கா என்று தெரியாத வயது.

வேனில் போகும்போது அந்தப் பெரியவரைப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உங்களுடையது பெரிய குடும்பம், யாராவது ஒருவர் பின்னால் தனியாக வந்து சேர்ந்துகொள்வது சகஜம்தானே. அந்தக் கோட்டை வழிகாட்டி இருந்தாரே, உடம்பு பாதி, குரல் பாதி என்று, அவர் பேய்களைப் பற்றி ஏதோ அலுவலகச் சிப்பந்திகளைப் பற்றிச் சொல்வது போல மரியாதையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். கொத்தளத்தில் தலையில்லாமல் முரசு அடிப்பவர் மத்தியானத்துக்கு மேல்தான் வருவாராம். கிணற்றடியில் வாளியை இறக்குகிற அம்மா மழைக்காலத்தில் வருவதில்லையாம். தலையே இல்லாதவருக்குத் தாளம் எப்படிப் பிடிபடும் என்று என் மனைவி கேட்க, அந்த அம்மாவுக்கு மழைக்காலத்தில் சம்பளம் பிடிப்பார்களா என்று சம்பந்தி அம்மா கேட்க, இரண்டு பேரும் முதல்முறையாக ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்ததை நான் கவனித்தேன். நீங்களும் கவனித்தீர்கள். நாம் இருவரும் பெருமூச்சு விட்டது கோட்டைச் சுவரில் எதிரொலித்தது.

அடுத்து அந்த வெடிமருந்துக் கிடங்கு. உள்ளே போனதும் வழிகாட்டி கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, எல்லோரும் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றாரே. நமக்கு முன்பே அங்கே ஏதோ ஒரு கூட்டம் நின்றிருந்தது, எல்லோரும் கலந்துவிட்டோம். என் இடது கை மனைவியிடம் இருந்தது, அது எப்போதும் அவளிடம்தான். வலது கையை இருட்டில் நீட்டினேன், ஒரு கை வந்து சேர்ந்தது. நீங்கள்தான் என்று நினைத்துக்கொண்டு, இந்தச் சம்பந்தம் உறுதியாகட்டும் என்று அந்தக் கையை அழுத்திப் பிடித்தேன். அந்தக் கையும் அழுத்தியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது சம்பந்தி. விளக்கு வந்ததும் பார்த்தால் நீங்கள் அந்தக் கோடியில் வழிகாட்டியின் தோளைத் தொற்றிக்கொண்டு நிற்கிறீர்கள். என் கையில் இருந்தது ஒரு பெரியவர். அந்த வெயிலிலும் முழுக்கைக் கம்பளிச் சட்டை, காதை மூடும் தொப்பி. யாரோ என்னவோ என்று கையை விடப் போனேன், அதற்குள் நீங்கள் எங்களைப் பார்த்துவிட்டு, தலையைத் தாழ்த்தி அவருக்கு வணக்கம் சொன்னீர்கள். உங்கள் தலை சாமானியத்தில் தாழாது என்பது ஓட்டலிலேயே எனக்குத் தெரியும். ஆக, இவர் உங்கள் வீட்டில் மிகப் பெரிய இடத்தில் இருப்பவர் என்று புரிந்துகொண்டு, பிடித்த கையை அப்படியே பிடித்துக்கொண்டேன்.

புரிந்துகொண்டது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்பது கோட்டை மதில்மேல் ஏறியபோது தெரிந்தது. கல்யாணத்துக்குப் பிறகு பிள்ளைகள் எங்கே குடியிருப்பார்கள் என்ற பேச்சை யார் ஆரம்பித்தது என்று இப்போது கிளற வேண்டாம். என் மனைவிதான் ஆரம்பித்தாள். எங்கள் வீட்டு மாடியில் இருக்கட்டும் என்றாள். எங்கள் வீட்டிலேயே அறை தயாராக இருக்கிறது, மெத்தைகூட மாற்றிவிட்டோம் என்றார் சம்பந்தி அம்மா. காற்று வேறு, அதனால் இருவரும் சத்தமாகப் பேச வேண்டியிருந்தது. சத்தமாகப் பேசினால் சண்டை மாதிரியே இருக்கும், சண்டை மாதிரி இருந்தால் சண்டையாகிவிடும். நீங்கள் பீரங்கியின் வாயைக் குனிந்து ஆராய ஆரம்பித்தீர்கள். நான் அதன் வாலை ஆராய்ந்தேன். பிள்ளைகள் இரண்டும் ஒன்றின் முகத்தை ஒன்று பார்த்துக்கொண்டு, கல்யாணம் கடலில் விழப்போகிறது என்று நிற்கின்றன. அப்போதுதான் பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "ரெண்டு வீடும் வேண்டாம். நடுவுல ஒரு வீடு பாருங்க. ரெண்டு பக்கமும் நடந்து போற தூரம், ஆனா கூப்பிட்டா கேக்காத தூரம்" என்றார்.

என் மனைவி என் காதில், "அவங்க வீட்டுப் பெரியவரே எறங்கி வந்துட்டாரு, நாம முறுக்கிக்கிட்டா நல்லா இருக்காது" என்றாள். உங்கள் தரப்பிலும் யாரும் மறு பேச்சுப் பேசவில்லை. ஒரு வீட்டில் ஒரு பெரியவருக்கு இவ்வளவு கட்டுப்பாடா என்று நான் மலைத்துப் போனேன். அதன் பிறகு கடற்கரைக்கு இறங்குவதற்குள் ஏழெட்டு விஷயங்களை அவர் முடித்துவிட்டார். கல்யாணம் காலையிலா மாலையிலா, அழைப்பிதழில் எந்த வீட்டுப் பெயர் மேலே, புகைப்படத்தில் யார் நடுவில் என்று நாம் மாதக்கணக்கில் மனஸ்தாபப்பட வேண்டியதையெல்லாம், மணலில் நடந்துகொண்டே, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டே, அவர் பாட்டுக்குத் தீர்த்துக்கொண்டு போனார். புகைப்படத்தில் நடுவில் அவரே நிற்பதாகச் சொன்னார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

கடற்கரையில் என்ன ஆயிற்று என்பது உங்களுக்குத் தெரியும், என்றாலும் எழுதினால்தான் மனசு ஆறும். "அப்பனுங்க ரெண்டு பேரும் கரையில நின்னு வேடிக்கை பாத்தா எப்படி, தண்ணியில எறங்குங்க" என்று அவர் சொன்னதும், பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு நாம் இறங்கினோம். அலை வந்தது. உங்களை உட்காரவைத்தது, என்னைப் படுக்கவைத்தது, போகும்போது என் மூக்குக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு போயிற்று. கடை நிறையக் கண்ணாடி வைத்திருப்பவன் அன்று முழுக்கக் கண்ணாடி இல்லாமல், ஐஸ்கிரீம் வண்டியைப் பார்த்து, "வாங்க சம்பந்தி அம்மா, ஏன் தனியா நிக்கறீங்க" என்று கூப்பிட்டதை உங்கள் குடும்பத்தார் இன்னும் பேசிச் சிரிக்கிறார்கள் என்று மகள் சொன்னாள். சிரிக்கட்டும். வண்டியும் வெள்ளை, சம்பந்தி அம்மாவின் உடையும் வெள்ளை.

திரும்பும்போது வேனில் ஓர் இருக்கை குறைந்தது. அதைப் பற்றி நாங்கள் வாயே திறக்கவில்லை என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். பெரியவருக்கு ஜன்னலோரம் கொடுத்துவிட்டு, நான் பின்னால் ஸ்டெப்னி டயர்மேல் உட்கார்ந்து வந்தேன். உங்கள் வீட்டு வாசலில் நீங்கள் எல்லோரும் இறங்கினீர்கள், அவர் இறங்கவில்லை. நல்ல தூக்கம். எழுப்பலாமா என்று நான் யோசிப்பதற்குள், நீங்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "பெரியவரை ஜாக்கிரதையா கூட்டிட்டுப் போங்க" என்றீர்கள். அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. பெண் வீடு எப்படி இருக்கிறது, பழக்கவழக்கம் என்ன, குளியலறைக் குழாய் ஒழுகுகிறதா என்றெல்லாம் கூடவே தங்கிப் பார்த்து வர ஆள் அனுப்புகிறார்கள் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் வேனிலேயே தலையை வாரிக்கொண்டாள்.

அன்றிலிருந்து எங்கள் வீடு வீடாக இல்லை, நேர்முகத் தேர்வாக இருக்கிறது. முதல் நாளே மகளின் அறையை அவருக்குக் கொடுத்தோம். மகள் எங்கள் அறைக்கு வந்தாள், நான் சோபாவுக்குப் போனேன். மறுநாள் காலையில் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து, "இது மெத்தையா, பலகையா" என்று கேட்டார். மெத்தைக் கடைக்காரர் குடும்பம் என்பதற்கு இதைவிடச் சாட்சி என்ன வேண்டும்? உடனே புது மெத்தை வாங்கினோம். உங்கள் கடையில் வாங்கினால் எங்கள் பழைய மெத்தை விவகாரம் வெளியே வந்துவிடும் என்று எதிர்க் கடையில் வாங்கினோம், மன்னிக்கவும். ஜன்னல் திரையின் நிறம் கண்ணை உறுத்துகிறது என்றார், மாற்றினோம். சோபா கதவைப் பார்த்து இருக்கக் கூடாது என்றார், திருப்பினோம். இப்போது அது சுவரைப் பார்த்து இருக்கிறது, படுத்தால் சுவரோடு பேசலாம். என் மனைவி சமைப்பதில் உப்பு கொஞ்சம் தூக்கல் என்று இத்தனை வருடம் நான் மனதுக்குள் மட்டும் சொல்லிக்கொண்டதை, அவர் மேஜையில் வாய்விட்டுச் சொன்னார். நான் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அவள், "நாளைலேர்ந்து கொறைச்சுடறேங்க" என்றாள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு விஷயத்துக்காக மட்டும் அவர் இன்னும் கொஞ்ச நாள் இருந்தால் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது.

கடையில்தான் தாங்கவில்லை. நேற்று ஒரு வாடிக்கையாளர், அவசரமில்லாமல், நல்ல விலையில் ஒரு ஃப்ரேமைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தார். பெரியவர், "தம்பி, உங்களுக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. தூக்கம்தான் பத்தல. போயித் தூங்குங்க" என்றார். அவரும் நன்றி சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். சம்பந்தி வீட்டுப் பெரியவராயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். என் கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது.

இதெல்லாம் என் பாடு, நான் பட்டுக்கொள்கிறேன். கல்யாணத்துக்கே வேட்டு வைத்தது வேறொன்று. அவர் உங்களுக்கு என்ன உறவு, சித்தப்பாவா மாமாவா, என்று எங்களுக்குத் தெரியாது. நேரே கேட்டால், "இத்தனை நாள் யாருன்னு தெரியாமலா சோறு போட்டீங்க" என்று ஆகிவிடும். அதனால் என் மனைவி சுற்றி வளைத்து, வீட்டில் எல்லோரும் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்தாள். அவர் பால்கனிக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "இருக்காங்க. நான் இருக்கேனான்னுதான் அவங்களுக்குத் தெரியாது" என்றார். அவ்வளவுதான். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. "ரெண்டு வாரம் ஆகப் போகுது. ஒரு ஃபோன் உண்டா? வந்து எட்டிப் பாத்தாங்களா? வயசானவர இப்படித் தூக்கிப் போட்டுட்டு மறந்துபோற வீட்ல, நாளைக்கு நம்ம பொண்ணுக்கு ஒரு தலைவலின்னா யாரு பாப்பாங்க? எனக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாம்" என்றாள். மகள் அழுதாள். உங்கள் மகனிடம் இதைச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள், அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். நானும் உங்களுக்காக எவ்வளவோ வாதாடிப் பார்த்தேன். கடையில் சீசன் என்றேன். மெத்தைக்கு என்ன சீசன் என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

ஆகவே சம்பந்தி, உங்கள் பெரியவர்மேல் உங்களுக்கு என்ன கோபம் இருந்தாலும், அதை ஒருநாள் ஒத்திவைத்துவிட்டு, கையை வீசிக்கொண்டாவது ஒரு நடை வந்து, என் மனைவி பார்க்கும்படி அவரிடம் நாலு வார்த்தை அன்பாகப் பேசுங்கள். நல்ல மனிதர்தான், சொன்னதைச் செய்துவிட்டால் தொந்தரவே இல்லை. பிள்ளைகள் இரண்டும் எல்லா நலனும் பெற்று, நடுவில் ஒரு வீடு பார்த்து, கூப்பிட்டால் கேட்காத தூரத்தில் நீடூழி வாழ வேண்டும் என்றும், உங்கள் கடை மெத்தைகளில் ஊரே நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்றும் வாழ்த்தி முடிக்கிறேன். சம்பந்தி அம்மாவுக்கு என் பணிவான வணக்கங்களைச் சொல்லவும். ஐஸ்கிரீம் வண்டி விஷயத்தை நினைவூட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் பதிலை எதிர்பார்த்து எழுத்துப் பலகையின் அடியில் காத்திருக்கும்,
கண்ணாடிக் கடைச் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் நீங்கள் ஃபோன் செய்தீர்கள். நாம் என்ன பேசினோம் என்பது உங்களுக்குத் தெரியும், ஆனாலும் அது நிஜமாகவே நடந்ததா என்று எழுதிப் பார்த்தால்தான் எனக்கு நம்பிக்கை வரும். "உங்க வீட்டுப் பெரியவர் எப்படி இருக்காரு? அவர் ஒருத்தர் பேச்சுக்காகத்தான் எங்க வீட்டம்மா இந்தச் சம்பந்தத்துக்கே சம்மதிச்சாங்க" என்று நீங்கள் சொன்னதும், நான் "எங்க வீட்டுப் பெரியவரா?" என்றதும், பிறகு "அப்போ அவர் உங்க ஆள் இல்லையா?" என்று நீங்கள் கேட்டதும். கிடங்கில் நான் கையைப் பிடித்திருந்ததால் எங்கள் ஆள் என்று வணங்கினீர்களாம். நீங்கள் வணங்கியதால் உங்கள் ஆள் என்று நான் கையை விடவில்லை.

வெளியே போய் அவரிடமே கேட்டுவிட்டேன். கொஞ்சம்கூடப் பதறவில்லை. "எங்க வீட்டு ஆளுங்களோடதான் கோட்டைக்கு வந்தேன். இருட்டுல கைய நீட்டினேன், நீங்க புடிச்சீங்க. அப்புறம் விடவே இல்லையே" என்றார். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றேன். "எங்க வீட்ல நான் வாயத் தொறந்தா டிவி சத்தத்தக் கூட்டிடுவாங்க. இங்க நான் சொன்னா ஒரு கல்யாணமே நடக்குது. நீங்களா இருந்தா சொல்லுவீங்களா?" என்றார். யோசித்துப் பார்த்தேன், சொல்ல மாட்டேன். விஷயம் தெரிந்ததும் என் மனைவி உங்கள்மேல் இருந்த கோபத்தை மொத்தமாக வாபஸ் வாங்கிக்கொண்டாள். ஆனால் அவர் தீர்த்துவைத்ததெல்லாம் செல்லுமா என்று கேட்டாள். செல்லாது என்றால் மறுபடி மதில்மேல் ஏற வேண்டியிருக்கும். நம் இரண்டு வீட்டுக்கும் அவர் பொதுப் பெரியவர் என்று வைத்துக்கொள்வோம் என்று நீங்கள் ஃபோனில் சொன்னது எங்கள் எல்லோருக்கும் சம்மதம். நீங்கள் வந்து அவரைக் கூட்டிப் போக வேண்டாம். மேலே எழுதியிருப்பது எதையும் மனதில் வைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

ஒரே ஒரு சிக்கல். பாவம், அவருடைய சொந்தக் குடும்பம் எங்கெல்லாம் தேடுகிறதோ என்று அவரிடமே நம்பரை வாங்கி அவர் வீட்டுக்கு ஃபோன் போட்டேன். மருமகள் எடுத்தார். உங்கள் மாமனார் எங்களிடம் பத்திரமாக இருக்கிறார் என்றேன். "யாருங்க நீங்க? எங்க மாமா இங்கதானே இருக்காரு" என்றார். எங்கே என்றேன். "ஜன்னல் பக்கத்துல நிக்கறாரு. கோட்டைக் கிடங்கு இருட்டுலேர்ந்து கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்த நாள்லேர்ந்து அங்கயேதான் நிக்கறாரு. சாப்பிட மாட்டேங்கறாரு, தூங்க மாட்டேங்கறாரு, கடல் இருக்கற தெசையையே பாத்துக்கிட்டு இருக்காரு. ஆனா ஒரு வார்த்தை பேசறதில்லைங்க, எந்தக் குத்தமும் சொல்றதில்ல. வீட்ல எல்லாரும் ரொம்ப நிம்மதியா இருக்கோம். தயவுசெஞ்சு எதையாவது சொல்லிக் கெடுத்துடாதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அந்த ஜன்னலோரத்துக்காரரையும் கல்யாணத்துக்கு அழைக்க வேண்டுமா, அழைத்தால் எந்த வீட்டுச் சார்பில் அழைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பெரியவர் தூங்கி எழுந்ததும் கேட்டுச் சொல்கிறேன்.